இடது பக்கத்து இரண்டு குழாய்கள்

லோட்டஸ் லெவன் என்ற அந்தப் பழைய பந்தயக் காரின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த ஃப்ரேம் பிற்காலத்தில் செய்தது போலத் தெரிகிறது" என்று நான் சொன்னதும், வாங்க வந்திருந்தவர் கையிலிருந்த டார்ச்சை அணைத்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார், சொந்தக்கார அம்மாவுக்கு நன்றி சொன்னார், கிளம்பிவிட்டார். அந்த அம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். கணவர் முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்த வண்டி. அவர் காலமான பிறகு கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்ததை விற்றுவிடலாம் என்று எங்களை வரச்சொல்லியிருந்தார். போனவரின் கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார். பிறகு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்படியென்றால் என் வீட்டுக்காரர் ஏமாந்து போயிருந்தாரா?"

அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி அடுத்த பல மாதங்களுக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

நான் இங்கிலாந்தில் கவென்ட்ரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் அளவெடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில், பழைய பந்தயக் கார்களுக்கு அலுமினியத் தகடு தட்டிக் கொடுக்கும் ஒரு பெரியவரின் பட்டறையில் கூடமாட வேலை செய்வேன். ஊரில் அப்பாவுக்கு டிங்கரிங் பட்டறை இருந்தது. சுத்தியல் சத்தம் கேட்காமல் ஒரு வாரம் போனால் எனக்கு ஏதோ குறைவது போல இருக்கும். அன்றும் பெரியவரோடுதான் போயிருந்தேன். அவர் பின்பக்க அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் முன்பக்கத்தைப் பார்த்து வாயைத் திறந்துவிட்டேன்.

நான் பார்த்தவை மூன்று. இடது முன்பக்கத்தில் இரண்டு குழாய்கள் மற்றவற்றைவிடக் கனமாக இருந்தன. ஒரு பழைய ரிவிட் ஓட்டைக்குள் நுனி வளைத்த கம்பியை விட்டு உள்சுவரைக் கொக்கிபோல் பிடித்து அளந்தேன்: 1.6 மில்லிமீட்டர். வலது பக்கத்தில் அதே இடத்துக் குழாய் 1.2. அடுத்தது, அந்த இரண்டு குழாய்களின் மூட்டுகளில் வெல்டிங் வேறு கைவேலை. மூன்றாவது, சேசிஸ் எண் பொறித்த தகடு பழையதுதான், ஆனால் அதைப் பிடித்திருந்த ரிவிட்டுகள் புத்தம் புதியவை. இந்த மூன்றையும் கூட்டினால் என்ன வரும் என்று ஊரில் டிங்கரிங் கடைப் பையன்கூடச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன்.

சந்தேகப்பட எனக்குக் காரணமும் இருந்தது. லோட்டஸ் லெவன் 1956-ல் வந்தது. மொத்தம் சுமார் 270 வண்டிகள். மெல்லிய இரும்புக் குழாய்களைக் கூண்டுபோலக் கட்டி, மேலே அலுமினியத்தைப் போர்த்திய உடம்பு. அதன் வடிவத்தை வகுத்தவர் ஃபிராங்க் காஸ்டின், விமானத் துறையிலிருந்து வந்தவர். நல்ல வண்டிகளில் கவென்ட்ரி கிளைமாக்ஸ் எஃப்.டபிள்யூ.ஏ. எஞ்சின் இருக்கும். 1,098 சி.சி. தான். தீயணைப்புப் படையினர் தூக்கிக்கொண்டு போகும் தண்ணீர் பம்புக்காகச் செய்த எஞ்சினிலிருந்து பிறந்தது அது. எடை குறைவாக இருந்ததால் பந்தயக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். 1956-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1,100 சி.சி. பிரிவில் லெவன்தான் முதலாவது. இதை நான் முதன்முதலில் படித்தபோது எங்கள் ஊர் பம்புசெட் பட்டறைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

இவ்வளவு எளிய வண்டி என்பதாலேயே இதை நகலெடுப்பதும் எளிது. 1980-களின் தொடக்கத்தில் வெஸ்ட்ஃபீல்ட் நிறுவனம் ஆரம்பித்ததே லெவனின் நகலைச் செய்துதான். உள்ளே எம்.ஜி. மிட்ஜெட் என்ற சின்னக் காரின் எஞ்சினும் அச்சும். அது நகல் என்று சொல்லித்தான் விற்றார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் ஒரு வண்டி பத்துக் கை மாறும்போது சொல்ல வேண்டியது மெல்ல உதிர்ந்துவிடும். மூன்றாவது கைக்காரர் கிளைமாக்ஸ் எஞ்சின் போடுவார். ஐந்தாவது கைக்காரர் பின்னச்சை மாற்றுவார். ஏழாவது ஆள் எங்கிருந்தோ ஒரு பழைய எண் தகடு வாங்கி ரிவிட் அடிப்பார். எட்டாவது ஆளுக்கு அது 'அசல்' என்றே போய்ச் சேரும், அவர் பொய் சொல்லாமலேயே.

அப்பாவின் பென்சில்

நம் ஊரில் இது புதிதில்லை. காயலான் கடைக்குப் போன லாரியின் ஆர்.சி. புக்கை மட்டும் விலைக்கு வாங்கி, அதற்கேற்ற வண்டியை 'உண்டாக்கும்' ஆட்களைப் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். அதனால் அவர் எந்த வண்டிக்கும் வேலை தொடங்குமுன் சேசிஸ் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்வார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எடுப்பது போலத்தான். எண் குத்தியிருக்கும் இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காய்ந்ததும் அதன்மேல் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். மேட்டுப் பகுதி கறுத்துவிடும், பள்ளத்தில் எழுத்து வெள்ளையாக நிற்கும். மேலே செலோ டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தி, ஒரே இழுப்பில் எடுத்துக் காகிதத்தில் ஒட்டினால் எண் அப்படியே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எனக்குத் தெரிந்த ஒரே பட்டறை வேலை அதுதான்.

அந்த பிரிண்டை அப்பா வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார். கையால் பஞ்ச் அடித்த எண்கள் வரிசை கொஞ்சம் ஆடியிருக்கும், ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம். அது இயல்பு. ஆனால் ஏழு எழுத்து ஒரே சாய்வில் இருந்து எட்டாவது மட்டும் நிமிர்ந்து நின்றால் அவர் உதடு பிதுங்கும். எண்ணைச் சுற்றி இரும்பு லேசாகக் குழிந்திருந்தால் அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இங்கே வந்த பிறகுதான் அதே வேலையை ஆய்வுக்கூடத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தது. பஞ்ச் அடிக்கும்போது எழுத்து தெரியும் பள்ளத்தோடு நின்றுவிடுவதில்லை. அதற்குக் கீழேயும் கொஞ்ச ஆழத்துக்கு உலோகத்தின் மணிகள் நசுங்கிப்போகின்றன. மேலே தேய்த்துச் சமமாக்கினாலும் அந்த நசுங்கல் உள்ளே இருக்கும். நன்றாக மெருகேற்றி அமிலம் தடவினால், நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வேறு வேகத்தில் அரிக்கும். அழித்த எண் மங்கலாக மேலே எழுந்து வரும், சில நிமிடங்களுக்காவது. தடயவியல்காரர்கள் திருட்டு வாகனங்களுக்குப் பயன்படுத்தும் வழிதான். பந்தயக் கார்களுக்கும் பொருந்தும்.

ஆனால் எண் என்பது எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும்? ஜாகுவார் டி-டைப் என்ற பந்தயக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1954-ல் வந்த முதல் வண்டிகளில் முன்பக்கச் சட்டம் நடு உடம்போடு வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. பழுது பார்ப்பது பெரும்பாடு. 1955 முதல் அதை இரும்புக் குழாயில் செய்து போல்ட்டால் இணைத்தார்கள். நல்ல பொறியியல். அந்த நல்ல பொறியியலே பின்னாளில் வினையாக வந்தது. போல்ட்டைக் கழற்றினால் சட்டம் தனி, உடம்பு தனி. ஒருவர் பழைய சட்டத்தை வைத்துப் புது உடம்பு கட்டினார், இன்னொருவர் பழைய உடம்பை வைத்துப் புதுச் சட்டம் போட்டார். ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள், இரண்டிலும் உண்மையான 1955-ம் ஆண்டு உலோகம். இதில் எது போலி என்று எந்த அமிலமும் சொல்லாது. டி-டைப்புகளில் இப்படி நடந்திருக்கிறது.

நீதிபதி பார்த்த பென்ட்லி

இந்த விஷயத்தில் இறங்கும் எவரும் கடைசியில் போய் நிற்கும் இடம் 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். 1929-ல் உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பர்கினும், 1930-ல் பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் ஓட்டி, அடுத்தடுத்து இரண்டு லெ மான் வென்ற அதே கார். சுமார் 1 கோடி பவுண்டுக்கு விலை பேசிய நிறுவனம், இது அந்த அசல் கார் இல்லை என்று சொல்லிப் பின்வாங்கியது. விற்றவர் நீதிமன்றம் போனார்.

நீதிபதி ஓட்டன் அந்தக் காரின் எந்தப் பாகம் எப்போது வந்தது என்ற சாட்சியங்களைக் கேட்டார். கிடைத்த விடை தலைசுற்ற வைப்பது. 1929-ல் ஓடிய உலோகத்தில் மிஞ்சியது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 1930-ம் ஆண்டுக் காரில் மிஞ்சியது பெடல் தண்டு, கியர்பாக்ஸ் கூடு, ஸ்டீயரிங் தண்டு என்ற அளவில்தான். ஏனென்றால் அந்தக் கார் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஏதாவது மாறியது. 1932-ல் அதற்கு 8 லிட்டர் எஞ்சின் வைத்தார்கள். அந்த ஆண்டே புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் பாதையின் மேட்டைத் தாண்டிப் பறந்து விழுந்தது, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். அதன் பிறகு பர்னாட்டோவுக்காகச் சாலையில் ஓடும் கூப்பேயாக, அதாவது கூரை மூடிய இரண்டு கதவுக் காராக மாறியது.

இத்தனைக்கும் பிறகு நீதிபதி விற்றவர் பக்கமே தீர்ப்பளித்தார். கறாரான பொருளில் இது 1929-ம் ஆண்டின் 'அசல்' உலோகம் இல்லை. ஆனால் இதை மறுபடி கட்டிய கார் என்றும் சொல்ல முடியாது. ஏனென்றால் இது ஒருநாளும் கலைந்து காணாமல் போகவில்லை. புதுப் பாகங்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு உடம்பில் வந்து சேர்ந்தன. இந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட உலகத்தில் வேறு காரும் இல்லை. விற்பனைக்கு வந்தது உலோகம் மட்டுமல்ல, அதன் சரித்திரமும்தான் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இந்தத் தீர்ப்பை முதலில் படித்தபோது எனக்கு ஒப்பவில்லை. பெடல் தண்டுக்கு ஒரு கோடி பவுண்டா என்று பட்டது. அளவெடுத்துப் பிழைப்பவனுக்கு அளக்க முடிந்ததுதான் உண்மை. லெவன் விஷயம் முடிந்த பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன். அந்த நீதிபதி எதைத் தேடினார் என்பது அப்போதுதான் விளங்கியது. இந்தக் காருக்கு என்ன நடந்தது என்று ஒரு நாள்கூட விடாமல் சொல்ல முடிகிறதா என்றுதான் அவர் பார்த்திருக்கிறார்.

வாட்ஸ்அப்பில் ஒரு படம்

அந்த அம்மாவின் வீட்டிலிருந்து வந்த இரவு, எடுத்த படங்களை அப்பாவுக்கு அனுப்பினேன். பாராட்டு வாங்கத்தான் அனுப்பினேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். பட்டறையை மூடிப் பல வருடமாகிறது, கண்ணில் ஆபரேஷனும் ஆகிவிட்டது. காலையில் கூப்பிட்டார்.

"மாத்துன குழாய எதுக்குக் கண்ணு பாக்கற? மாத்தாத குழாயப் பாரு" என்றார்.

எந்தக் குழாய் என்று கேட்டேன்.

"அதுக்குப் பக்கத்துல கோணலா ஒண்ணு போகுதே, அது. நடுவுல லேசாத் தூக்கியிருக்குது பாரு. நேரா மோதியிருந்தா பின்னால மடங்கோணும். இது கீழருந்து மேல வாங்குன அடி. சக்கரம் எதும்மேலயோ ஏறி எறங்கியிருக்குது. அடிபட்டதுக்கு ரெண்டு கொழாய மாத்தியிருக்கறாங்க, அவ்வளவுதான். புதுசாச் செஞ்ச ஃப்ரேமுல இந்தக் கோணல் எதுக்கு சாமி வருது?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாய்வாகப் போகும் அந்த மெல்லிய குழாய் நடுவில் வில்போல மூன்று நான்கு மில்லிமீட்டர் மேலே எழும்பியிருந்தது. நான் அதை அளக்கவே இல்லை. மற்றதோடு ஒத்துப்போகாததை மட்டுமே தேடிப் போயிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பெரியவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, "வா, போய்க் கேட்போம்" என்றார். அந்த அம்மா எங்களை மாடி அறைக்கு அழைத்துப் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தார். கணவரின் வரி ரசீதுகளுக்கும் விதைப் பொட்டலங்களுக்கும் நடுவே அந்த வண்டியின் காகிதங்கள் இருந்தன. ஒரு கறுப்பு வெள்ளைப் படம்: பழைய விமானத் தளத்தில் ஒரு கிளப் பந்தயம், ஓரத்தில் ஒரு லெவன், அதன் இடது முன்சக்கரம் உள்பக்கமாக மடிந்து, கவிழ்ந்த எண்ணெய் டிரம்மின் மேல் வயிற்றை வைத்துப் படுத்திருந்தது. வளைவைக் குறிக்க அந்தக் காலத்தில் இங்கே டிரம்களைத்தான் வைப்பார்கள். படத்தின் பின்னால் 1958 என்று முத்திரை. அதோடு பின் குத்தியிருந்தது ஒரு பட்டறையின் பில், நீல மையில்: முன் இடது குழாய் இரண்டு, 16 கேஜ். 16 கேஜ் என்றால் 1.6 மில்லிமீட்டர். அவசரத்துக்குக் கையில் இருந்த குழாயைப் போட்டிருக்கிறார்கள். அடுத்த பந்தயம் அடுத்த வாரமாக இருந்திருக்கும்.

ரிவிட்டுகளுக்கும் பதில் இருந்தது. கணவரின் நோட்டில் ஒரு வரி: பெயிண்ட் அடிக்கத் தகட்டைக் கழற்றியது, புது ரிவிட் நான்கு.

அந்த அறையில் நான் அந்த அம்மாவிடம் சொன்னேன்: உங்கள் வீட்டுக்காரர் ஏமாறவில்லை, அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது, நான் சொன்னது தவறு. அவர் டின்னின் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டே, "அவர் எதையும் தூக்கிப் போடமாட்டார், அதற்காக நான் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன்" என்றார். வாங்க வந்தவருக்கு அன்றே கடிதம் எழுதினேன். அதற்குள் அவர் வேறு கார் வாங்கிவிட்டார்.

அதன் பிறகு நான் வண்டிகளைப் பார்க்கும் முறை மாறிவிட்டது. பந்தயத்தில் ஓடியது என்று சொல்லப்படும் வண்டியில் ஒரு கோணலும் இல்லை, எல்லாக் குழாயும் ஒரே கனம், எல்லா மூட்டும் ஒரே கைவேலை என்றால் அங்கேதான் முதலில் நிற்கிறேன். 1950-களில் இவை காட்சிப் பொருளாக இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அடிபட்டு, வாரநாளில் பட்டி பார்த்து, சனிக்கிழமை மறுபடி ஓடியவை.

புது உலோகத்தின் மேல் எனக்குக் கோபமே இல்லை. பெரியவர் தட்டிக் கொடுக்கும் பானெட்டுகள் எல்லாம் புதியவைதான். நகல் வண்டிகளும் எனக்குப் பிடிக்கும், நாளெல்லாம் மழையில் ஓட்டலாம். எனக்கு ஆறாதது வேறு. 1957 பிப்ரவரியில் கவென்ட்ரியின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது டி-டைப்பைச் சாலைக்கு ஏற்றபடி மாற்றிய ஒன்பது ஜாகுவார் எக்ஸ்.கே.எஸ்.எஸ். வண்டிகள் எரிந்துபோயின. 2016-ல் ஜாகுவாரே, அந்த ஒன்பதுக்கு ஈடாக ஒன்பது புதிய வண்டிகளைக் கட்டப்போவதாக அறிவித்தது, அந்தக் காலத்து சேசிஸ் பதிவேட்டு எண்களோடு. வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் 1957-ம் ஆண்டுப் பதிவேட்டின் ஒரு எண்ணை இந்த நூற்றாண்டு வண்டியின் மேல் அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புது வண்டிக்குப் புது எண் கொடுத்திருக்கலாம். இன்று எல்லோருக்கும் தெரியும். எட்டாவது கைக்காரருக்குத் தெரிந்திருக்குமா?

அந்த லெவனை அந்த அம்மா விற்கவில்லை. பேத்தி ஓட்டப்போகிறாள். பழைய வண்டிகளின் பந்தயங்கள் பலவற்றில் ஓட, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் வேண்டும். வண்டி அதன் காலத்து அமைப்பின்படி இருக்கிறதா என்பதைத்தான் அது சொல்லும், அதுவே இது அசல் என்பதற்கான சான்று இல்லை. அதனால் டின்னில் இருந்த காகிதங்களைத் தனிக் கோப்பில் அடுக்கிக் கொடுத்தேன். அப்பா சொன்ன அந்தக் கோணல் குழாயையும் இப்போது அளந்து, படத்தோடு அதில் சேர்த்திருக்கிறேன். நிமிர்த்த வேண்டாம் என்று பெரியவரும் சொல்லிவிட்டார்.

போன வாரம் பாஸ்போர்ட்டுக்காக முன்பக்கத்தைச் சுத்தம் செய்தபோது, வலது பக்க மூட்டு ஒன்றில் விரிசல் தெரிந்தது. துரு உள்ளே போயிருந்ததால் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைப்பதைத் தவிர வழியில்லை. வெட்டுமுன் படம் எடுத்தேன். பழையதைப் போலவே 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர் குழாயே தேடி வாங்கினோம். பெரியவர் மூட்டை ஒட்டி முடித்து, ஆறியதும் விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். வெட்டி எடுத்த பழைய துண்டு இரண்டு அங்குலம், உள்ளே செம்மண் நிறத்தில் துரு. அதைக் குப்பைக் கூடையில் போடப்போனவரின் கையைப் பிடித்து வாங்கி, ஒரு உறையில் போட்டு, எந்த மூட்டு, என்ன தேதி, யார் வேலை என்று மேலே எழுதினேன். பேத்தி அன்று மாலை வந்தபோது கோப்போடு சேர்த்து அவள் கையில் கொடுத்தேன்.